சரளைக்கல் மேல் போட்ட பழி

1

என் மகள் ஷரோனை ஆறு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவள் வேண்டுமென்றேதான் அடித்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான், பெற்ற அப்பன். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் என்னோடு பேச நாய் மட்டும்தான் மிச்சம். அதுவும் என் மனைவி எஸ்தர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வாலாட்டுகிறது.

தாம்பரத்துப் பழைய ஆட்டக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "இந்தியாவுக்கு ஆடின நம்ம ஜெயசீலன், ஆஸ்திரேலியாவுல எப்படி இருக்கார்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணா" என்று கடிதம் வந்திருந்தது. கங்காரு, கடற்கரை, வெள்ளைக்காரனுக்கு நான் ஹாக்கி சொல்லிக்கொடுத்த கதை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் வேறு ஒன்றுதான் வருகிறது. போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

2

பெர்த்தில் குளிர்காலம் என்றால் ஹாக்கிக் காலம். வாரம் ஐந்து நாள் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். சனிக்கிழமை காலையில் ஷரோனைக் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன். அவள் அணிக்குப் பயிற்சியாளரும் நான்தான். அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பேசினால் உடைத்து உடைத்துப் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலம்தான்.

இங்கே மைதானம் என்பது பச்சைக் கம்பளம். செயற்கைப் புல். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து நனைக்கிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டவன் நான். முதல் தடவை இதைப் பார்த்தபோது வயிறெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பளத்தில் பந்து தானாக எகிறாது. அடித்தவர் அனுப்பிய இடத்துக்குத்தான் போகும்.

அந்தச் சனிக்கிழமை எதிரணியில் ஒரு நெட்டைப் பெண் தடுப்பில் நின்றாள். ஆட்டம் முழுக்க ஷரோனின் கணுக்காலைக் கொத்திக்கொண்டே இருந்தாள். நடுவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. மூன்றாவது முறை அடி விழுந்தபோது ஷரோன் கோட்டுக்கு வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விடாதடி அவளை!" என்று தமிழில் கத்தினேன். அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

இரண்டே நிமிடம். கோல் வட்டத்துக்குள் ஷரோனுக்குப் பந்து கிடைத்தது. கோல் வலது பக்கம் காலியாகத் திறந்து கிடந்தது. அவள் அங்கே பார்க்கவே இல்லை. வலது தோளை இறக்கினாள், மணிக்கட்டைத் திருப்பி ஸ்டிக்கின் முகத்தை மேலே திறந்தாள், அடித்தாள். பந்து அந்தப் பெண்ணின் கன்னத்தில் போய் இறங்கியது. தேங்காய் உடைக்கிற சத்தம். அந்தப் பெண் முழங்காலிட்டு விழுவதற்குள் ஷரோன் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். பந்து தானாக எழும்பியது, நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் அலறினாள்.

கோட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன். ரத்தத்தைப் பார்த்து இல்லை. ரத்தம் நான் வேண்டிய மட்டும் பார்த்தவன், வரவழைத்தவனும்கூட. அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்துத்தான்.

3

நம் கிரவுண்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளத்தை ஒட்டிய செம்மண் தரை. மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதி சரளைக்கல். விழுந்தால் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் வரிசையாகக் குனிந்து கோல் வட்டத்தில் கல் பொறுக்க வேண்டும். எவ்வளவு பொறுக்கினாலும் மறுநாள் முளைத்துவிடும்.

எங்கள் கோச் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுபேதார் சார் என்போம். பந்தைத் தவறவிட்டால் வாயைத் திறக்க மாட்டார், கெண்டைக்காலில் ஸ்டிக்கால் ஒன்று வைப்பார். என் இரண்டு கால்களிலும் இன்னும் அவர் கையெழுத்து இருக்கிறது.

அந்தத் தரையில் ஒரு வழக்கம் இருந்தது. பந்து கல்லில் பட்டு எகிறி யார் மேலாவது விழுந்தால், அடித்தவன் கையைத் தூக்கி "கல்லு!" என்று கத்த வேண்டும். அடிபட்டவன் மூச்சு வந்ததும் "கல்லுதான்" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அதற்கப்புறம் அந்த அடியைப் பற்றி யாரும் பேசக்கூடாது. குடித்துவிட்டுக்கூடப் பேசக்கூடாது. பேசியவனை மறுநாள் கிரவுண்டுக்குள் விட மாட்டோம். இப்படி ஒரு வழக்கம் இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். நாங்கள் ஆடிய ஹாக்கி அப்படி. பல்லாவரத்து அணியோடு ஆடிய ஒரு பைனலில் ஆட்டத்தைவிடச் சண்டை நீளமாக இருந்தது. கோல் கம்பத்தைப் பிடுங்கி அடித்தார்கள். எங்கள் கோல்கீப்பர் காலில் கட்டிய பேடுகளைக் கழற்றாமலே மதிலேறிக் குதித்தான்.

முருகேசன் அந்தச் சண்டையில்தான் எனக்கு நண்பனானான். எங்கள் கிளப்பில்தான் ஆடினான், அனகாபுத்தூர்க்காரன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. மூன்று பேர் என்னைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தபோது நடுவில் விழுந்து என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவன் முதுகில் விழுந்த அடியெல்லாம் எனக்கு வந்தவை. அப்புறம் ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போது, "இன்னா மச்சான், உன் வூட்ல சோறு போடறதில்லியா? இவ்ளோ லேசா கீற!" என்று சிரித்தான். உதடு கிழிந்திருந்ததால் சிரிப்பும் கிழிந்துதான் வந்தது.

4

எண்பதுகளின் நடுவில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். அதிலிருந்து இந்திய முகாமுக்கு நேர்வழி. எங்கள் கிளப்பில் இருந்து ஒரு தடுப்பாட்டக்காரன்தான் போகலாம். நானும் முருகேசனும் தடுப்பாட்டக்காரர்கள். போகிறவனுக்கு வேலையும் வரும், வெளிநாடும் வரும். போகாதவனுக்குத் தாம்பரம்தான்.

சுபேதார் சார் தேர்வு வைத்தார். பெனால்டி கார்னர் என்பது தெரியும்தானே? பந்தை வட்டத்தின் நுனியில் நிறுத்தி ஒருவன் முழு பலத்தோடு கோலுக்கு அடிப்பான். கோல் கோட்டில் இருந்து ஒருவன் கிளம்பி, அந்த அடிக்கு எதிராக நேரே ஓட வேண்டும். அப்போதெல்லாம் முகமூடி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஓடுகிறவன் மூஞ்சியைத் திருப்பாமல் ஓடுகிறானா என்பதுதான் தேர்வு. ஆளுக்குப் பத்து அடி. அவன் அடிக்க நான் ஓட வேண்டும், நான் அடிக்க அவன் ஓட வேண்டும்.

முந்தின நாள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கோலின் அடியில் ஒரு மரப்பலகை இருக்கும், முழங்கால் உயரத்துக்கு. அதற்கு மேலே அடிப்பதில்லை என்று ஒப்பந்தம். "அம்மா மேல சத்தியம்டா சீலா. போறவன் போவட்டும், இருக்கறவன் இருக்கட்டும். மூஞ்சி மட்டும் வேணாம்" என்றான் முருகேசன். நானும் என் அம்மா மேல் சத்தியம் செய்தேன்.

முதலில் அவன் அடித்தான். பத்தும் பலகைக்குக் கீழே. மூன்றாவது அடிக்கு நான் முதுகைத் திருப்பிவிட்டேன். பயம்தான், வேறென்ன? பந்து என் கெண்டைக்காலில் பட்டுச் சுருண்டு விழுந்தேன். சுபேதார் சார் வாய்விட்டுச் சிரித்தார். "முதுகு காட்றவனுக்கு இந்தியா எதுக்குடா? வூட்டுக்குப் போய் மாவாட்டு" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அடுத்து நான் அடித்தேன். முருகேசன் ஓடி வந்தான். ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. முதல் எட்டில் ஐந்தை நிறுத்திவிட்டான். ஒரு பந்து கணுக்காலில் பட்டு ரத்தம் ஷூவுக்குள் இறங்கியது, நொண்டிக்கொண்டு மறுபடி கோட்டில் போய் நின்றான். எட்டாவது முடிந்ததும் சுபேதார் சார் தன் நோட்டில் ஏதோ எழுதி மூடி வைத்தார். அது அவன் பெயர் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது அடிக்குப் பந்து வந்தது. தோளை இறக்கினேன், மணிக்கட்டைத் திருப்பினேன், திறந்து அடித்தேன். அவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் அடித்தேன். கை தவறியது, ஆத்திரத்தில் என்ன செய்தேன் என்று தெரியவில்லை என்றெல்லாம் இந்தப் பதினைந்து வருஷத்தில் எனக்கு நானே நிறைய சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. பந்து அவன் இடது கண்ணில் இறங்கியது. அவன் தரையில் விழுவதற்கு முன்னாலேயே நான் கையைத் தூக்கி "கல்லு!" என்று கத்திவிட்டேன்.

முகத்தைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தமும் வேறென்னவோவும் வழிந்தது. கால்கள் இரண்டும் மண்ணைக் கிளறின. சுபேதார் சார் ஓடி வந்து அவனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் காலால் தரையைச் சீய்த்துப் பார்த்தார். அன்று காலையில் கல் பொறுக்கியது நானும் முருகேசனும்தான். ஒரு பொடிக்கல் இல்லாமல் பொறுக்கியிருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவன் வாய் திறந்தான். தலையில் பாதிக்குக் கட்டு. நான் வந்திருப்பது தெரிந்ததும் கையால் தடவி என் கையைப் பிடித்தான். "கல்லுதான்டா சீலா" என்றான். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, மாநில அணிக்குத் துணி எடுத்து வைக்கப் போனேன். கண் போய்விட்டது என்று ரயிலில் இருக்கும்போதுதான் சொன்னார்கள்.

5

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய். சந்தோஷமாக இருந்தது. இந்திய அணியின் நீலச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, முருகேசன் முகம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டதே அடிப்பதற்குத்தான். எதிரணியில் நன்றாக ஆடுகிறவன் யாரோ அவனுடைய காலை முதல் பத்து நிமிடத்துக்குள் நான் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒருவன் முழங்கையால் என் மூக்கை உடைத்தான். பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போய் அவன் விரல்கள் இரண்டை ஸ்டிக்கால் நசுக்கினேன். எங்கள் மேனேஜர் தட்டிக்கொடுத்தார். இப்படி மூன்று வருஷம். முட்டி போனதும் என்னையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு தொடரில் என் ஆட்டத்தைப் பார்த்த பழக்கத்தில் பெர்த் கிளப் ஒன்று ஆடவும் சொல்லித்தரவும் கூப்பிட்டது. எஸ்தரையும் கைக்குழந்தை ஷரோனையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது யாருக்காவது கடுமையான காயம் ஏற்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். பொய்யில்லை, தண்டிக்கப்பட்டதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் முத்திரையைக் குத்தினாள்.

6

ஷரோன் விஷயத்துக்கும் ஒரு படிவம் வந்தது. இந்த ஊரில் மழை பெய்தால்கூடப் படிவம் நிரப்புவார்கள் என்று நினைக்கிறேன். ஆட்ட விசாரணைக் குழு என்று மூன்று பேர். சம்பவத்தைப் பார்த்த பயிற்சியாளர் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும். கடைசிக் கேள்வி: செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"அப்பா, நோ-ல டிக் போடு. அவ்ளோதான். எல்லா அப்பாவும் போடுவாங்க" என்றாள் ஷரோன். எஸ்தரும், "குழந்தைங்க. உங்க வீரத்தை இதுல காட்டாதீங்க" என்றாள். நானும் 'இல்லை' என்று போடுவதாகத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன்.

விசாரணை நடக்கிற கட்டடத்தின் வாசலில் அந்த நெட்டைப் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். லாரி ஓட்டுகிறவர், ஆள் தூண் மாதிரி. என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கால்களை அகட்டி நின்றேன். அவர் கையை நீட்டினார். ஹாக்கியில் இதெல்லாம் நடக்கிறதுதான், உங்கள் மகளிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அவர் மகள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதிக்குக் கட்டு.

என்னால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே போய் 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். விசாரணையில் கேட்டபோது, என் ஓட்டை ஆங்கிலத்தில் தோளையும் மணிக்கட்டையும் நடித்தே காட்டினேன். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்தியதையும் சொன்னேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷரோன் தன் ஸ்டிக்கை எடுத்துக் கார் ஷெட்டின் கதவில் அடித்தாள். ஸ்டிக் இரண்டாகப் பிளக்கும் வரை அடித்தாள். தகரக் கதவு குழிகுழியாகிவிட்டது. நான் தடுக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்க நின்று, "நீ ஆடினப்போ ஒருத்தரையும் அடிக்கலையா? பெரிய ஹோலி மேனா நீ?" என்றாள்.

சொன்னேன். அங்கேயே, ஷெட்டில் நின்றபடி, ஒன்பதாவது அடி வரைக்கும் சொன்னேன். எஸ்தருக்கும் அது அன்றுதான் தெரியும். துணிக்கூடையோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

ஷரோன் கேட்டுவிட்டு, "அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ என்னைப் பத்தி மட்டும் ஏன் சொன்ன?"

அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

7

ஆண்டு மலர்க் கடிதத்தில் பழைய ஆட்டக்காரர்களின் பட்டியல் இருந்தது. முருகேசன் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் மைதானம் பார்த்துக்கொள்கிறான், கோடு போடுகிறான், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறான். எண்ணும் இருந்தது. நேற்று கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு, மதியம், அங்கே காலை பத்து மணி இருக்கும், போன் போட்டேன். ஷரோன் பள்ளிக்கூடம் போகாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஹலோ, ஸ்போர்ட்ஸ் ரூம்."

"முருகேசு, நான் சீலன்டா."

"யாரு? டேய் மச்சான்! எங்கேர்ந்துடா பேசற? ஆஸ்திரேலியாலேர்ந்தா? இன்னாடா அதிசயமா கீது!" ரிசீவரை நகர்த்திவிட்டு யாரிடமோ கத்தினான். "டேய் பசங்களா, இந்தியா பிளேயர்டா! என் தோஸ்த்து!" மறுபடி என்னிடம், "எப்டி கீற? தங்கச்சி நல்லா கீதா? பாப்பா ஆடுதாமே, சொன்னாங்க."

இன்னும் ஒரு நிமிடம் விட்டால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன் என்று தெரிந்தது.

"முருகேசு, அது கல்லு இல்லடா."

"எது?"

"செலக்‌ஷன் அன்னிக்கு. ஒம்பதாவது அடி. நான்தான் தூக்கி அடிச்சேன். உன் மூஞ்சியப் பாத்து, வேணும்னேதான் அடிச்சேன்."

பின்னால் பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "வெளிய போங்கடா" என்றான். நாற்காலி இழுபடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம்.

"இன்னாத்துக்குடா இப்ப சொன்ன?"

ஷரோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருசம்டா. ரோட்ல நடக்கசொல்ல லெப்ட்டு பக்கம் வர்ற வண்டி தெரியாது. ரெண்டு தபா பஸ்ல அடிபட இருந்தேன். மொத ரெண்டு வருசம் தெனம் அந்த கிரவுண்டுக்குப் போவேன். அங்க கீற கல்லையெல்லாம் எத்திக்கினே திரிவேன், பைத்தியக்காரன் மாரி. எங்கம்மா வந்து இட்டுக்கினு போவும். அப்பால விட்டுட்டேன். கல்லு மேல எத்தினி நாளிக்குடா கோவமா இருக்க முடியும்? கல்யாணம் கட்டிக்கினேன், புள்ளைங்க கீது. நல்லா தூங்கிக்கினு இருந்தேன்டா. இப்ப உன்ன இன்னா பண்றது? நீ அங்க கீற. கை எட்டாதேடா எனக்கு."

"மன்னிச்சிடு முருகேசு."

"அந்த வார்த்தைய இன்னொரு தபா சொன்ன, பல்ல ஒடச்சிடுவேன்."

அவன் அழுகிறானா, பல்லைக் கடிக்கிறானா என்று தெரியவில்லை. ஷரோன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"வச்சிடவாடா?" என்று கேட்டேன்.

"வச்சிடாத. வச்சே, அங்க வந்து வெட்டுவேன். பதினஞ்சு வருசத்துக்கு உன்ன நான் திட்டணும். வாயத் தொறக்காம கேளு."

என் அம்மாவில் இருந்து ஆரம்பித்தான். நான் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டேன்.